பழைய சேலையில் தைத்த தூசிப் பை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சங்குப் பட்டறை. என் வீட்டுக்காரர் சங்கை அறுத்து, சாணைச் சக்கரத்தில் தேய்த்து, விளக்கும் ஊதுசங்குமாகச் செய்து கடைகளுக்குக் கொடுப்பார். அவரோடு இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். பட்டறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு முற்றம். துணி காய்வது அங்கேதான், என் மகள் விளையாடுவதும் அங்கேதான். அவளுக்கு அப்போது மூன்று வயது.

நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவளுக்கு இரைப்பு. சங்குத் தூசி ஆகாது, ஒன்று தூசியை நிறுத்துங்கள், இல்லையென்றால் பிள்ளையை வேறு ஊரில் விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோவில்பட்டியில் என் அக்கா இருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. "இங்கன கொண்டாந்து விடு, நான் பாத்துக்கிடுதேன்" என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவாள். அந்த வரி வரும்போதெல்லாம் கடிதத்தை மடித்து வைத்துவிடுவேன்.

பிள்ளையை அனுப்பாமல் இருக்கத்தான் தூசி இழுக்கும் மிஷின் வாங்கினோம். சாணைச் சக்கரங்களுக்கு அருகிலிருந்து தகரக் குழாய் ஒரு பெரிய காற்றாடிக்குப் போகும். காற்றாடியை மோட்டார் சுற்றும். உறிஞ்சிய காற்று மறுபக்கம் ஒரு துணிப் பைக்குள் போய், துணியின் வழியாக வெளியேறும். தூசி பைக்குள் தங்கிவிடும். உள்ளே இடம் இல்லாததால் பையை முற்றத்துப் பக்கம் தொங்கவிட்டிருந்தார். தோணிக்குப் பாய் தைக்கும் கெட்டித் துணியில், பாய் தைப்பவரே தைத்துக் கொடுத்த பை அது. மோட்டாருக்கு ஆபத்து என்றால் தானே கீழே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர் மட்டும், உடைத்த கப்பல் ஒன்றிலிருந்து கழற்றி விற்ற பழையது.

நான்கு மாதம் நன்றாக ஓடியது. பிள்ளைக்கும் இரைப்பு குறைந்தது.

பிறகு நான் அந்தப் பையைத் துவைத்தேன்.

யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், பை கல்லாக விறைத்துக் கிடப்பதைப் பார்த்து, இவ்வளவு அடைத்துக்கொண்டால் மிஷின் எப்படி மூச்சு விடும் என்று நினைத்தேன். துவைத்த பை திங்களன்றும் ஈரம் காயவில்லை. அதற்குள் என்னுடைய இரண்டு பழைய நூல் சேலைகளை மடித்து ஒரு பை தைத்துக் கொடுத்தேன். மாட்டியதும் காற்றாடி 'ஹோ'வென்று இரைந்தது. குழாயின் வாயில் கையை வைத்தால் கையையே இழுத்தது. வேலைக்காரர்களில் மூத்தவர், "யக்கா, வேட்டியப் புடிச்சுக்கிட்டுல்லா நிக்க வேண்டியிருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாய்த்துணிப் பை காய்ந்த பிறகும் அதை எடுத்து மாட்டவில்லை.

மறுநாளிலிருந்து பிரேக்கர் விழ ஆரம்பித்தது. அரைமணி நேரம் ஓடும், 'டக்'கென்று நிற்கும். சூடு ஆறும்வரை கைப்பிடி மேலே நிற்காது. அதற்குள் பட்டறை வெள்ளையாகிவிடும். ஒப்புக்கொண்ட சரக்கு இருந்ததால் சாணையை நிறுத்தவும் முடியவில்லை. நான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருப் பக்கம் ஓடுவேன்.

எல்லோரும் பிரேக்கரைத்தான் திட்டினார்கள். வீட்டுக்காரர் வயர்களை முறுக்கிக் கட்டினார், மோட்டாருக்குக் கிரீஸ் வைத்தார், காற்றாடி இறக்கைகளைச் சுரண்டினார். ஒருநாள் பொறுமை இழந்து, கைப்பிடி விழாதபடி கம்பியால் கட்டப் போனார்.

"தீப்பிடிச்சா என்ன செய்வீய?" என்றேன்.

"பொறவு என்னதான் செய்யச் சொல்லுத? நீயும் பள்ளிக்கூடம் போனவதானளா, சொல்லு பாப்போம்."

கேலியாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். எத்தனை மணிக்குப் போட்டார்கள், எத்தனை மணிக்கு விழுந்தது, எப்போது பையை உதறினார்கள். ஒரு வாரத்தில் ஒன்று தெரிந்தது. பையை உதறிச் சுத்தம் செய்த உடனே சீக்கிரம் விழுந்தது. பை நிறைந்து கிடந்தபோது ஒரு மணி நேரம்கூடத் தாங்கியது.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சுத்தமாக இருக்கும்போது தடுமாறி, அடைத்திருக்கும்போது நன்றாக ஓடுமா? எழுதியதில்தான் தவறு என்று நினைத்தேன். அந்த வாரம் பிள்ளைக்கு இரைப்பு கூடியிருந்தது. மிஷின் நின்று நின்று போவதால்தான் என்று நினைத்து, ஓடும் நேரமெல்லாம் தைரியமாக அவளை முற்றத்தில் விளையாட விட்டேன்.

இன்னும் ஒரு வாரம் போனது. துறைமுகத்தில் எலக்ட்ரீசியனாக இருக்கும் வீட்டுக்காரரின் சிநேகிதர், வேலை முடிந்து வரும் வழியில் கரண்டு அளக்கும் மீட்டரோடு வந்தார். வயரைச் சுற்றி மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பலகையை எடுத்துக் குழாயின் வாயைப் பாதி மூடினார். முள் இறங்கியது. பலகையை எடுத்தார். முள் ஏறியது.

"ஏலே, பிரேக்கர் மேல பழி போடாத. அது ஒழுங்காத்தான் வேலை பாக்கு. ஒம் மிஷினு காத்த அளவுக்கு மேல அள்ளுது. காத்து கூடக்கூட மோட்டாருக்குச் சுமை கூடும்லா. பையி என்ன துணி?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"மதினி தச்சதா? நல்ல சேலையாத்தான் இருக்கு," என்று சிரித்தார் அவர். "இது உடுத்தத்தான் ஆவும், காத்தத் தடுக்காது. பழைய பாய்த்துணிய மாட்டுங்க, தன்னால சரியாயிரும்."

சிரித்துக்கொண்டே பையின் வெளிப்புறத்தை விரலால் தொட்டார். விரல் வெள்ளையாக வந்தது. அவர் சிரிப்பு நின்றது. நான் சுவரைத் தொட்டேன். கொடியில் கிடந்த பிள்ளையின் கவுனைத் தொட்டேன். மாவைவிட மெல்லிய தூசி. பாய்த்துணி பிடித்து வைத்திருந்த தூசியை என் சேலை மூன்று வாரமாகச் சலித்து முற்றத்தில் விட்டிருக்கிறது. மிஷின் நின்றபோதெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நான், அது ஓடியபோதெல்லாம் அவளை அந்தப் பைக்குக் கீழேயே உட்கார வைத்திருக்கிறேன்.

பாய்த்துணிப் பையை மாட்டிய பிறகு பிரேக்கர் ஒருமுறைகூட விழவில்லை. முற்றத்தை மூன்று முறை கழுவிவிட்டேன். ஆனால் நான்காம் நாள் காலையில் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் பேசவில்லை, வீட்டுக்காரரிடம்தான் பேசினார். வீட்டுக்காரர் வெளியே வந்து, "ஒங்க அக்காவுக்கு ஒரு லெட்டர் போட்டுரு" என்றார். சேலையைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, இன்றுவரை பேசியதில்லை. ஒருமுறையாவது திட்டியிருக்கலாம்.

அவளைக் கோவில்பட்டியில் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அந்த மூன்று வாரம் இல்லாவிட்டாலும் அவளை அனுப்பத்தான் வேண்டியிருந்திருக்கும் என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன். நோட்டில் இருந்ததை அன்றே சொல்லியிருந்தால் என்று மற்ற நாள்களில் நினைக்கிறேன். எது உண்மை என்று டாக்டரிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போகிறேன். என் உடம்பிலும் தலையிலும் சங்குத் தூசி இருக்கும் என்பதால், அக்கா வீட்டில் எனக்கென்று ஒரு சேலை வைத்திருக்கிறாள். நேராகப் பின்கட்டுக்குப் போய்த் தலையோடு குளித்து, அந்தச் சேலையை உடுத்திக்கொண்ட பிறகுதான் பிள்ளையைத் தொடுவேன். இது அவளுக்கும் தெரியும். இப்போதெல்லாம் நான் வரும்போது ஓடி வருவதில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "அம்மா, இப்ப வரலாமா? இப்ப வரலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஈரத் தலையை இன்னொரு முறை அலசிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.