கார்ஸ்பி பட்டம் கண்விழித்த மத்தியானம்

உர்சுலா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவள். கார்ஸ்பி பிரபு பட்டத்தில் பாதி உரிமை அவளுடையது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் டோரீன், இங்கிலாந்தில் இந்த லிங்கன்ஷயர் கிராமத்தில் மதுக்கடை நடத்துகிறவள். சீமான் வந்தாலும் மாட்டுக்காரன் வந்தாலும் என் கடையில் ஒரே கிளாஸ்தான்.

மீதிப் பாதி உரிமை அவள் தங்கை லெட்டிஸுக்கு. அப்பா கடைசிப் பிரபு. மாளிகையை விற்றுத் தின்றுவிட்டு, வாசல் காவல்காரனுக்குக் கட்டிய குடிசையை மட்டும் இரண்டு பெண்களுக்கும் விட்டுப்போனார். மகன் இருந்திருந்தால் பட்டம் நேராக அவனுக்குப் போயிருக்கும். பெண்கள் என்றால் மூத்தவள் இளையவள் என்ற பேச்சே கிடையாது, எல்லாருக்கும் சம உரிமை. பட்டத்தை ரொட்டி மாதிரி அறுத்துப் பங்கு போடவும் முடியாது. அதனால் அது அப்படியே தூங்கும். ஒருத்தி மட்டும் மிஞ்சுகிற அன்றைக்குத்தான் விழிக்கும். என்ன சட்டமோ, எந்த மகராசன் யோசித்தானோ.

உர்சுலாவுக்கு அந்தப் பட்டத்தின் மேல் சின்ன வயதிலிருந்தே கொள்ளை ஆசை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும்போதுகூட முன்னோர் கதைதான்.

"மூணாவது பிரபுவுக்குத் தலை போச்சு. இந்தா, கேரட்."

"அஞ்சாவது ஆளுக்கு என்ன ஆச்சு மிஸ்?"

"வயித்துப்போக்குல போனான். நீ கையக் கழுவினியா?"

கேலிதான். ஆனால் கேட்கும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு ராஜா, ‘என் சபைக்கு வா’ என்று ஒருத்தனைக் கூப்பிட்டிருக்கிறான். அந்த ஒற்றை அழைப்புதான் இந்தப் பட்டம். அது போருக்கும் கொள்ளைநோய்க்கும் தப்பி, தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வந்து, கடைசியில் கம்பளிக் காலுறை போட்ட இந்த இரண்டு கிழவிகளுக்கு நடுவில் வந்து நின்றிருந்தது. நினைத்தால் மலைப்பாக இருக்காதா?

கடையில் வம்புக்கு இழுப்பார்கள். "உங்கள்ல யாரு முதல்ல மேல போகப்போறீங்க?"

"நான் இல்லப்பா. என் வாத்துக்கு யாரு தீனி வைக்கிறது?" என்பாள் லெட்டிஸ்.

அந்த லெட்டிஸுக்குத்தான் நுரையீரலில் கட்டி வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம், இலையுதிர் காலம். அதற்கப்புறம் கடையில் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நானே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன்.

லெட்டிஸ் சும்மா இருக்கவில்லை, வக்கீலை வரவழைத்தாள். தங்கை சம்மதித்தால், இருவரும் உயிரோடு இருக்கும்போதே அக்காவுக்குப் பட்டத்தைக் கொடுக்கும்படி ராணியிடம் மனுப் போடலாமாம். நான் அப்போது சூப் கொண்டுபோயிருந்தேன்.

"கையெழுத்துப் போடுடி," என்றாள் லெட்டிஸ். "ஆயுசு பூரா ஆசைப்பட்டியே. அத நான் கண்ணால பாத்துட்டுப் போறேன்."

"எனக்கு வேண்டாம்."

"பொய் சொல்லாத. உன் மூஞ்சி சொல்லுது."

உர்சுலாவின் முகம் செவேலென்று ஆகிவிட்டது. "ஆசை இருக்குடி. இல்லேன்னு சொல்லல. ஆனா அது தூங்குற வரைக்கும் நாம ரெண்டு பேர். அது முழிச்சா நான் ஒருத்தி. நீ இருக்கும்போதே நான் எதுக்கு ஒருத்தி ஆகணும்?"

"நான் போனா தானா வரப்போவுது."

"வரட்டும். உன் கண்ணு முன்னால வரக் கூடாது."

வக்கீலின் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்து, கதவையும் அவளே திறந்துவிட்டாள். எனக்கு அவளை உலுக்க வேண்டும் போல் கோபம் வந்தது. வீடு வரும் வழியெல்லாம் அழுதேன்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், லெட்டிஸின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. உர்சுலா கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். நான் ஜன்னலோரம் நின்றேன். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. காத்திருந்தோம், வரவே இல்லை.

எக்காளம் இல்லை, கிரீடம் இல்லை, ஒரு ஆள் வந்து சொல்லவும் இல்லை. வந்த மூச்சுக்கும் வராத மூச்சுக்கும் நடுவில் அத்தனை நூற்றாண்டும் அந்தச் சின்ன அறைக்குள் வந்து, சமையல்காரியின் தோளில் இறங்கிவிட்டது. என் கண் முன்னால் நடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைத்துச் செய்யவில்லை. கை பாவாடையைப் பிடிக்க, என் முழங்கால் தானாக மடங்கியது. தலை குனிந்தது. வாய், "சீமாட்டி" என்றது.

உர்சுலா திரும்பவில்லை. தங்கையின் காதைத் தன் உள்ளங்கையால் மெல்லப் பொத்தினாள்.

"எந்திரி டோரீன்," என்றாள். "அவளுக்கு இன்னும் கேக்கும்."