கித்தார் கழுத்தில் என் பென்சில்

திருப்பதியில் பேனர் அடிக்கும் கடையில், நேற்று இறந்துபோன என் சித்தப்பாவின் படத்தைத் திரையில் பெரிதாக்கினார்கள். கித்தார் கழுத்தின் குறுக்கே என் பள்ளிக்கூடப் பென்சில் தெரிந்தது. அதை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டித்தான் சுதியை ஏற்றுவார். பரீட்சைக்குக்கூடத் திருப்பித் தரமாட்டார்.

"கீழ இன்னா வரி போடணும் தம்பி? தமிழா, தெலுங்கா?" என்றார் கடைக்காரர்.

இதற்காகத்தான் சின்னம்மா என்னை அனுப்பியிருந்தாள். "வூட்ல படிச்சவன் நீ ஒருத்தன்தான். நல்லதா ஒரு வரி எழுது கண்ணு."

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரிப் பக்கத்துக் கல்யாணங்களில் சித்தப்பா ஒரே பாட்டைப் பெண்வீட்டாருக்குத் தமிழிலும் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெலுங்கிலும் பாடுவார். இரண்டு தரப்பும் "நம்ம ஆளு" என்று அவர் இலையில் வடையை வைக்கும். ஒருநாள் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு கேட்டேன்.

"நெஜமா நீ எந்தப் பக்கம் சித்தப்பா?"

"பசிச்சா தமிழு, கோவம் வந்தா தெலுங்கு. பென்சில குட்றா."

"தூக்கத்துல?"

சின்னம்மா சிரித்தாள். "தூக்கத்துல வெறும் மெட்டுதான்டா முனகிக்கினு கெடக்கும். வார்த்தையே வராது."

எந்த மொழியில் எழுதினாலும் பாதி சித்தப்பாதான் வருவார் போலிருந்தது.

"பேரை மட்டும் ரெண்டுலயும் போடுங்கண்ணா. கீழ காலியா வுட்டுடுங்க."

இது சரிதானா, சின்னம்மாவிடம் என்ன சொல்வேன், ஒன்றும் புரியவில்லை.

கடைக்காரர் திரையைக் காட்டினார். "கித்தார் மேல ஏதோ குச்சி மாதிரி அசிங்கமா இருக்குதே, அழிச்சிடட்டா?"

"ஐயோ, அது இருக்கட்டும்ணா," என்றேன். அது ஒன்றில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை.