இடப்பக்கம் சாயும் இதழ்கள்

பீங்கான் கலைஞர் கனெமோட்டோவின் சூளையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் தொமொயோ. பாதி உலர்ந்த வெள்ளைக் களிமண்ணில் கூர்மூங்கிலால் கீறிக் கீறி, செவ்வந்தி இதழ்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துவாள். இரண்டாயிரம் இதழ்கள் போர்த்திய அந்தப் பெரிய சாடி முழுக்க அவள் கைவேலைதான். ஆனால் அதை வைக்கும் மரப்பெட்டியின் மூடியில் கனெமோட்டோ தன் பெயரை எழுதினார். பெட்டியில் யார் பெயரோ, பொருளும் அவருடையதுதான். சாடிக்குக் கிடைத்த பரிசும் அவருக்கே போனது. அவள் கேட்டபோது, "என் சூளையில வெந்தது என்னுதுதான்" என்று சொல்லிவிட்டு மீனை மென்றார்.

அவள் வெளியேறித் தனியாகச் சூளை போட்டாள். ஒன்பது வருடமாக அவள் செய்ததைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: "கனெமோட்டோ சாயல் நல்லா இருக்கு." ஒவ்வொரு முறையும் அவள் தலை குனிந்து நன்றி சொன்னாள். உள்ளே கங்கு கனன்றுகொண்டே இருந்தது.

ஃபுக்குவோக்கா நகரில், பல்பொருள் அங்காடியின் ஆறாவது மாடியில் கனெமோட்டோவின் கண்காட்சி. பரிசு பெற்ற அந்தச் சாடியும் அங்கே இருந்தது. பார்வையாளர்கள் முன்னால் சென்செய், அதாவது ஆசான், உட்கார்ந்து செதுக்கிக் காட்டுவது வழக்கம். தொமொயோ முன்வரிசையில் போய் நின்றாள்.

"அட, தொமொயோ-சானா? வயசாயிடுச்சே உனக்கு."

"உங்க பேருக்கு உழைச்சதுல கொஞ்சம் கூடுதலாவே ஆயிடுச்சு, சென்செய். அந்தச் சாடியில இருக்கிற மாதிரியே ஒரு பூ செதுக்குங்களேன். பக்கத்துல வச்சுப் பாக்கணும்."

சிரித்தபடி செதுக்கினார். பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது அவள் மேசைக்கு வந்து, எந்தக் கையால் கீறுகிறாள் என்று பார்த்திருந்தால் அவர் மூங்கிலைத் தொட்டிருக்கவே மாட்டார். அவள் அந்தப் பூவை எடுத்துச் சாடியின் அருகே வைத்தாள். அந்தச் சாடியைக் கனெமோட்டோவிடம் வாங்கியிருந்த வியாபாரி ஹமசாக்கி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"இது வலப்பக்கம் சாயுது. சாடியில எல்லாமே இடப்பக்கம்."

"அன்னிக்கு ஒரு மாறுதலுக்காக..."

"அப்ப அதே மாறுதலை இப்பவும் காட்டுங்க, சென்செய்," என்றார் ஹமசாக்கி.

இடக்கையால் கீறினால்தான் இதழ் இடப்பக்கம் சாயும். கனெமோட்டோ மூங்கிலை இடக்கைக்கு மாற்றினார். முதல் இதழ் கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. தொமொயோ அவர் விரலிலிருந்து மூங்கிலை வாங்கி, அதே களிமண் உருண்டையில் இடக்கையால் மூன்று இதழ்களை நிமிர்த்திவிட்டு வெளியே நடந்தாள்.

மறு மாதம் ஹமசாக்கி தொலைபேசியில் அழைத்தார். "சாடிக்குப் புதுப் பெட்டியில உங்க பேரை எழுதித் தரணும்."

"புதுசு எதுக்கு? பழைய மூடியை அவரே எடுத்துட்டு வரட்டும்."

சாடியை ஹமசாக்கிக்கு விற்றவர் கனெமோட்டோ. மறுத்தால் இனி அவர் சரக்கை ஹமசாக்கி தொடமாட்டார். அதனால் மூடியோடு அவள் சூளைக்கு வந்தார். அவர் மண்டியிட்டு உட்கார்ந்ததும் தொமொயோ உப்புத்தாளை நீட்டினாள். தன் பெயரைத் தானே தேய்க்கத் தொடங்கினார். மரத்தூள் மடியில் விழுந்தது.

"கை கடுக்குதும்மா. போதுமா?"

அவள் தனக்கு மட்டும் தேநீர் ஊற்றிக்கொண்டு மூடியை எட்டிப் பார்த்தாள்.

"கடைசி எழுத்து இன்னும் தெரியுது, சென்செய். தேய்ங்க."