பெவ் தைத்த டேஷ்போர்டு

பெவர்லி ஹாட்லியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். அவள் மேல் அல்ல, அவள் தம்பி நைஜல் மேல். இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊரில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஆலையில் பெவ்வுக்கும் எனக்கும் இருபத்தாறு வருடமாக அடுத்தடுத்த மெஷின். அவள் தையல் கோணி நான் பார்த்ததில்லை. கோணியிருப்பது அவள் சிரிப்பு மட்டும்தான்.

ஒன்பது வயதில் அப்பா ஓட்டிய காரில் முன்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள். ரவுண்டானாவில் குறுக்கே ஒரு நாய். அப்பா பிரேக்கை மிதித்தார். சைக்கிள் வேகம்கூட இல்லை என்று சாகும் வரை சாதித்தார் அந்த மனிதர். டேஷ்போர்டில் துருத்திக்கொண்டிருந்த ஹீட்டர் குமிழ் பெவ்வின் மேலுதட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. பதினான்கு தையல். பின் இருக்கையில் இருந்த நாலு வயது நைஜலுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அந்த நைஜலுக்குத்தான் ஐம்பது தாண்டியதும் கார் கட்டும் ஆசை வந்தது. உதிரிபாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, வீட்டு கராஜில் வைத்து நாமே கோத்துக்கொள்கிற கார். கூரை கிடையாது. மூன்று வருடம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தான். 'முதல் சவாரி எனக்குத்தான்' என்று அவன் மகள் கெய்லி பக்கத்து இருக்கையைப் பிடித்து வைத்திருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது.

அப்படிக் கட்டிய காரை அரசாங்க ஆய்வாளர் பார்த்துச் சரி என்றால்தான் நம்பர் பிளேட். பிரேக், விளக்கு, பெல்ட் எல்லாம் தேறின. டேஷ்போர்டு தோற்றது. ஆய்வாளர் மண்டை அளவில் ஒரு பந்து வைத்திருப்பார். அது உருண்டு தொடுகிற இடத்தில் கூரான விளிம்பு இருக்கக் கூடாது. நம்ம ஆளோ அலுமினியத் தகட்டை வெட்டியது வெட்டியபடி மாட்டி, ஒன்பது சுவிட்சுகளைக் கொம்பு கொம்பாக நட்டு வைத்திருந்தான். விமானம் மாதிரி இருக்கணுமாம்.

தோற்றதற்குக் கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். நானும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஸ்பாஞ்ச் வச்சு ஒரு உறை தச்சுக் குடு. கீழ பன்னெண்டு பிரஸ் பட்டன் வச்சுரு."

"பட்டன் எதுக்குடா?"

"கழட்டத்தான். பாஸ் ஆனதும் பிச்சு எறிஞ்சுர வேண்டியதுதான். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?"

அது உண்மைதான். இப்படிக் கார் கட்டுகிறவர்களின் கிளப் ஒன்றில் அவன் இருந்தான்; அங்கே அதற்கு 'வேஷம்' என்று பெயர். ரப்பர் விளிம்பும் ஸ்பாஞ்சும் போல்ட்டுக்கு மாட்டும் பிளாஸ்டிக் தொப்பியுமாக ஒரு பை இருக்கிறது. தேர்வுக்கு முன் ஒட்டுவார்கள். தேறியதும் வாசலிலேயே பிய்த்து, கைதட்டி, அடுத்தவனுக்குக் கொடுப்பார்கள். பேரன் பேத்தி எடுத்த ஆட்கள்!

"என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இதக் கேக்குற, இல்ல?" என்றாள் பெவ்.

"அது அந்தக் காலம்க்கா. இப்ப பெல்ட் இருக்குல்ல? இவனுங்களுக்கு வேற பொழப்பு இல்ல, பந்தத் தூக்கிட்டு அலையுறானுங்க."

"பெல்ட் போட்டா தலை முன்னால போகாதா? நம்ம கெய்லிடா உக்காரப் போறது."

"நான் என்ன, போய் முட்டப் போறேனா?"

"நம்ம அப்பா மட்டும் முட்டணும்னா போனாரு?"

அவன் பிஸ்கட்டை டீயில் நனைத்தான். எனக்கு உள்ளங்கை அரித்தது. பெவ் அந்தக் காகிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு, "சரி, பன்னெண்டு பட்டன்" என்றாள். அவன் போனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு வெக்கமா இல்ல? அவன் கழட்டி எறியறதுக்கு நீ தச்சுக் குடுப்பியா?"

"வாய மூடிட்டு அந்தக் கத்திரிய எடு" என்றாள்.

அளவுக்கு வேண்டும் என்று டேஷ்போர்டையே கழற்றி வாங்கி வந்தாள். இரண்டு ஞாயிறு அவள் கராஜில் வேலை நடந்தது. தகட்டின் விளிம்பைக் கை நோக அரத்தால் ராவினாள். சுவிட்சுகளைப் பின்னுக்குத் தள்ளிக் குழிக்குள் இறக்கினாள். தகடு முழுக்கப் பசை தடவி ஸ்பாஞ்சை ஒட்டி, அதன்மேல் கறுப்பு ரெக்சினை இழுத்து மடித்து, பின்பக்கம் ரிவெட் அடித்தாள். அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை. கடைசியில் அடிவிளிம்பில் ஒரு பட்டை தைத்து, வரிசையாகப் பன்னிரண்டு பட்டன் வைத்தாள். அந்தப் பட்டை எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

காரில் அவளே மாட்டியும் கொடுத்தாள். தேர்வு நாளில் பந்து அந்த டேஷ்போர்டு மேல் உருண்டு போனதைப் பார்க்க வேண்டுமே! ஆய்வாளர் விரலால் தடவிப் பார்த்து, "நல்ல கை. யாரு தச்சது?" என்று கேட்டார்.

"கிளப்புல எல்லாரும் சேந்து செஞ்சோம்" என்றான் நைஜல். நாலடி தள்ளி நின்ற பெவ்வின் காதில் விழத்தான் சொன்னான்.

வெளியே கிளப் ஆட்கள் மூன்று பேர் பையோடு தயாராக நின்றார்கள். கெய்லியும் சவாரிக்கு வந்து நின்றாள். நைஜல் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பட்டனைக் கழற்றினான். அவர்கள் கூடவே எண்ணினார்கள். பன்னிரண்டு என்று கத்தியதும் இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். பட்டைதான் கையோடு வந்தது.

"என்னப்பா, ஒங்க அக்கா ஒன்னையும் சேத்துத் தச்சுட்டாங்களா?" என்று ஒருவன் கேட்க, மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நைஜலின் காது சிவந்துபோனது. பாக்கெட்டிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து விரித்தான்.

"அப்பா, விடுங்கப்பா" என்றாள் கெய்லி.

பெவ் விறுவிறுவென்று போனாள். பின்னாலிருந்து அவன் பிடரியைப் பிடித்தாள். ஐம்பத்து நாலு வயது ஆளின் முகத்தை அந்த டேஷ்போர்டில் கொண்டுபோய் ஒரு மோது மோதினாள். வேகமாக ஒன்றுமில்லை, அவர்கள் அப்பா சொன்ன அதே சைக்கிள் வேகம்தான். பொத்தென்று ஒரு சத்தம். சிரிப்பு நின்றுவிட்டது.

"வலிச்சுதா?"

அவன் மூக்கைத் தடவிப் பார்த்தான். "இல்ல" என்றான்.

"எனக்கு வலிச்சுது. அம்பது வருஷத்துல ஒரு நாளாவது கேட்டிருக்கியாடா?"

நைஜல் கத்தியை மடக்கினான்.