இடது காலில் ஒரு கறுப்பு நூல்

தங்கத் தோட்டைக் கழற்றச் சொன்ன அன்றே அம்மாவுக்கு அந்த விளையாட்டில் இருந்த நம்பிக்கை போய்விட்டது. நான் பெரிய பிள்ளையாகி, மண்டபம் எடுத்து, சேலை கட்டி, ஊரையே கூட்டிச் சாமத்தியவீடு செய்து முடித்த சூடு ஆறாத நேரம் அது. கோச் சொன்னதை நான் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கினேன். தோடு, சங்கிலி, காப்பு எதுவும் கூடாது. கையில் காலில் நூல்கூடக் கூடாது. ஒருத்தியின் விரல் அதில் கொளுவி மாட்டினால் ஆபத்து. அம்மா கோச்சை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூளிக் காதோட பிள்ளையை விடச் சொல்லுறாளே, இவளுக்கு என்ன விசரே?"

இதை நான் பிரெஞ்சாக்கவில்லை.

விளையாட்டின் பெயர் சியர்லீடிங். அம்மா சொந்தக்காரருக்கு "டான்ஸ் கிளாஸ்" என்று சொல்லிவைத்திருந்தாள். அப்பா மட்டும் உள்ளபடி "ஏறிற விளையாட்டு" என்பார். சென்ட் லோரன்டில், அப்பா வேலை செய்த தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய களஞ்சியத்தில் மெத்தை விரித்துப் பழக்கினார்கள். கூட்டத்தில் நான்தான் சின்னவள், பாரமும் இல்லை. அதனால் ஏறி நிற்கிற ஆள் நான். இரண்டு பேர் என் பாதங்களை ஆளுக்கொன்றாகக் கைகளில் ஏந்துவார்கள். மூன்றாமவள் பின்னால் நின்று குதிக்கால்களைப் பிடிப்பாள். கோச் எண்ணியதும் மூவரும் என்னைத் தலைக்கு மேலே தூக்கிவிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சுகம் எனக்குப் பிறகு எதிலும் கிடைக்கவில்லை. பாதத்துக்குக் கீழே சூடான உள்ளங்கைகள், நான் அசைந்தால் அவையும் அசையும். இப்போதும் பார்க் மெட்ரோவில் நகரும் படியில் நிற்கும்போது என் கால்கள் அந்தக் கைகளைத் தேடுகின்றன.

அந்த ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. சின்ன வயதில், பிறந்தநாள் விழாக்கள் முடிந்து வீட்டுக்கு வரும்போது நான் காரில் நித்திரை மாதிரிக் கிடப்பேன். அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறுவார். நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் வீடுகளின் வெளிப்படி செங்குத்து; பனிக்காலத்தில் வழுக்கும். "கள்ளி, நித்திரை இல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே ஏறுவார், ஆனால் இறக்கிவிட மாட்டார். சாமத்தியவீடு முடிந்ததும் அது நின்றுபோனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா ஒரு முழம் தள்ளி நிற்கத் தொடங்கினார், அவ்வளவுதான். கார் நின்றதும் "பிள்ளை, எழும்பு" என்று கதவைத் திறந்து பிடித்தார். என்னைத் தூக்குவதற்கு இனி அந்தக் களஞ்சியம்தான் மிச்சம்.

ஆனாலும் அவர் ஒரு நாள் பழக்கமும் தவறவிட்டதில்லை. வேலை முடிந்து தொழிற்சாலைப் பாரச் சப்பாத்தோடு வந்து மெத்தைக்கு வெளியே கிடந்த வாங்குப் பலகையில் இருப்பார். நான் மேலே போகும்போதெல்லாம் அவருடைய இரண்டு கைகளும் மடியிலிருந்து தாமாகவே எழும்பும். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

ஒரு போட்டிக்கு முன் மாமி ஒருத்தி நான் மேலே நிற்கிற வீடியோவைச் சொந்தத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். டான்ஸ் கிளாஸ் கதை அன்றோடு முடிந்தது. லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் "என்ன வடிவா நிக்கிறாள்" என்று ஒரே புகழ்ச்சி. இத்தனை பேரின் கண்ணும் நாவும் பிள்ளைமேல் பட்டுவிட்டதே என்று அம்மா பயந்தாள். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டாள். புகை அலாரம் கத்தி, கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் வந்து கதவைத் தட்டும் அளவுக்கு நாவூறு கழிந்தது. அதுவும் போதாமல், கோயிலில் வைத்து எடுத்த தடிப்பான கறுப்பு நூலை என் இடது கணுக்காலில் இறுக்கி முடிந்து, மேலே சொக்ஸை இழுத்துவிட்டாள். "தோட்டைத்தானே கழற்றச் சொன்னவள். இது ஆருக்கும் தெரியாது." எனக்கும் அது கோச் சொன்ன நூலாகப் படவில்லை. அது அம்மா கட்டியது.

அடுத்த பழக்கத்தில் மேலே நன்றாகத்தான் நின்றேன். இறங்கும்போதுதான் வினை. கீழே நிற்கிற இருவரும் ஒரே நேரத்தில் கால்களை விடவேண்டும். வலது காலைப் பிடித்தவள் விட்டாள். இடது காலைப் பிடித்த ஹெயிட்டிப் பிள்ளையின் விரல், நழுவிய சொக்ஸுக்கு மேலே தெரிந்த நூலுக்குள் மாட்டிக்கொண்டது. நான் சரிந்தேன். பின்னால் நின்றவள் என் தோளைப் பிடித்ததால் கழுத்து தப்பியது. மணிக்கட்டு அடியில் அகப்பட்டது, தலை மெத்தையில் அடித்தது.

கண்ணைத் திறந்தபோது அப்பா சப்பாத்தோடு மெத்தைக்குள் ஓடிவந்துகொண்டிருந்தார். எனக்கு, சொன்னால் வெட்கம், வலிக்குள்ளும் ஒரு சந்தோஷம். இனி என்னைத் தூக்கத்தானே வேண்டும்! அப்பா முழந்தாளிட்டு இரண்டு கைகளையும் என் முதுகுக்குக் கீழே கொண்டுவந்தார். கோச் "தொடவேண்டாம்!" என்று பிரெஞ்சில் கத்தினாள். கழுத்தில் அடி பட்டிருந்தால், விழுந்த பிள்ளையை அசைக்கவே கூடாதாம். அப்பாவுக்குப் பிரெஞ்சு பெரிதாகத் தெரியாது. அது மட்டும் விளங்கிவிட்டது. கைகள் அப்படியே நின்றன. "அப்பா, தூக்குங்கோ" என்றேன். அவர் தூக்கவில்லை. அம்புலன்ஸ் வரும்வரை, என்னைத் தொடாமல், கையை எடுக்கவும் செய்யாமல் அப்படியே இருந்தார். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அறுந்து கிடந்த நூலை அவர்தான் எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அந்த ஹெயிட்டிப் பிள்ளையின் வீங்கிய விரலையும் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் அம்மா முதலில் என் காலைத் தடவிப் பார்த்தாள். "நூல் எங்கை?"

"அறுந்துபோச்சு" என்றார் அப்பா.

"பாத்தியளே! வந்த கண்டத்தை நூல் வாங்கிக்கொண்டு போட்டுது. அதுதான் பிள்ளை தப்பினவள்."

"ஓம்" என்றார் அப்பா.

பிறகு அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்கள் என்ன மரம் மாதிரி நிண்டனீங்கள்? பெத்த பிள்ளை கிடந்து கத்துது, தூக்கத் தெரியாதே?" அப்பா சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மணிக்கட்டு முறிந்திருந்தது, தலைக்குள் மூளையும் குலுங்கிவிட்டதாம். இருட்டறையில் கிடக்கவேண்டும், சத்தம் கூடாது என்று டொக்டர் வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் ஆட்கள் வருத்தம் பார்க்க வராமல் இருப்பார்களா? முந்திரிகைப்பழமும் சத்துமாப் பெட்டியும் கொண்டு வந்து, லைட்டைப் போட்டு, கட்டிலைச் சுற்றி இருந்து, "தகப்பன் பாத்துக்கொண்டு நிண்டவராம்" என்று உரத்துக் கதைத்தார்கள். அப்பா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, போகும்போது ஒவ்வொருவராகப் படியில் இறக்கிவிட்டு வந்து லைட்டை அணைப்பார். அந்த இருட்டில் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு பாதங்களை அசைப்பேன். மேலே போகவேண்டும், திரும்ப ஒரு தரமாவது மேலே போகவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

சில மாதங்கள் கழித்து, நான் திரும்பப் பழகப்போக டொக்டர் சம்மதித்தும் அம்மா விடவில்லை. அப்பாதான் "நான் பக்கத்தில இருப்பன்" என்று முடித்துவைத்தார். புறப்படும்போது அம்மா புதிய நூலோடு வந்தாள். அப்பா அதை மெதுவாக வாங்கினார். "இஞ்சேரும், இந்த முறை இதைச் சாமிப்படத்துக்கு முன்னால வையும். அது காணும்." அம்மாவும் எதற்கென்று கேட்காமல் வைத்தாள். எதற்கென்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

கோச் என்னைக் கண்டதும் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தி என்னை அளந்து பார்த்தாள். படுத்துக் கிடந்த மாதங்களில் நான் வளர்ந்துவிட்டேன்! காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. இனி மேலே போக முடியாது, கீழே நின்று பிடிக்கலாம் என்றாள். என் இடத்துக்கு ஒரு புதுப் பிள்ளை வந்திருந்தாள். அவளுடைய பாதம் என் உள்ளங்கைக்குள் வந்தது. கோச் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: உன் கையைப் பார்க்காதே, மேலே நிற்பவளைப் பார், அவள் இறங்கி நிலத்தில் நிற்கும்வரை கையைத் தாழ்த்தாதே.

அவளைத் தூக்கினோம். நன்றாக நின்றாள். பத்திரமாக இறக்கிவிட்டோம். அதன்பிறகு வாங்குப் பக்கம் பார்த்தேன்.

அப்பாவின் இரண்டு கைகளும் மடியிலிருந்து எழும்பி அந்தரத்தில் நின்றன. புதுப் பிள்ளை தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை. நானோ இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி நிற்கிறேன். இந்த மனிசனுக்கு இவ்வளவு நாளும் பார்த்தும் விளையாட்டு விளங்கவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கையைக் கீழே போடுங்கோ என்று கண்ணால் காட்டினேன்.

அப்பா உடனே போட்டுவிட்டார்.