அடைக்கோழிக்குப் போட்ட ஆணை

எங்கள் அப்பா ஊர் மணியக்காரர். மாரண்டஹள்ளிப் பக்கத்துச் சின்ன ஊர்தான் என்றாலும், சர்க்கார் என்றால் எங்களுக்கு அவர்தான். ஆனால் தாசில்தார் முகாம் வருகிறார் என்று சேதி வந்துவிட்டால் போதும், அந்தச் சர்க்காரே கைகட்டி நிற்கும். முகாமுக்குப் பால், விறகு, கோழி எல்லாம் ஊர்தான் கொடுக்க வேண்டும். வாங்கித் தருவது மணியக்காரர் தலையில்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஏற்கெனவே சர்க்காருக்குக் கேழ்வரகை அளந்து கொடுத்து ஊர் சலித்துப்போயிருந்தது. அந்தத் தடவை தலையாரி கோழி கேட்டுப் போன வீடெல்லாம் ஒரே பதில்: "காய்ச்சல் வந்து எல்லாம் போயிடுச்சுங்க." ஒரு வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தானியக் குதிருக்குள்ளிருந்து சேவல் கூவிவிட்டது. வீட்டுக்காரர் முகத்தில் ஓர் அசைவு வேண்டுமே! தலையாரியும் காது கேட்காதவர் மாதிரி வந்துவிட்டார்.

ஒளிக்க முடியாத கோழி ஊரில் ஒன்றுதான் மிச்சம். எங்கள் வீட்டுக் கோழி. அதாவது, என் கோழி. கூடைக்குள் முட்டைமேல் அடை உட்கார்ந்திருந்தது.

"அதைப் புடிச்சுக் குடுத்துடு. பொழுது சாயறதுக்குள்ள கோழி போகலைன்னா என் மணியம் போயிடும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா முகாமுக்குக் கிளம்பினார். அம்மா கூடைப் பக்கம் போகாமல் என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாய் போய்விட்டால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சுகள் என்ன ஆகும்? பாவி மனுஷர்கள்!

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வரப்புத் தகராறு வந்தால், அநியாயம் நடக்கிறது என்று நினைப்பவர் மண்ணில் ஒரு கோடு கிழித்து, வேப்பங்கொத்தை நட்டு, "மாரியாத்தா மேல ஆணை" என்று சொல்லிவிடுவார். நட்டவராகப் பிடுங்க வேண்டும், இல்லை ஊர்கூடி முடிவு சொல்ல வேண்டும். அதுவரை யாரும் தாண்டக்கூடாது. ஒன்பது வயதுப் பெண் இதைச் செய்யலாமா என்று யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை. வாசலில் கோடு கிழித்தேன். கொத்தை நட்டேன். "மாரியாத்தா மேல ஆணை! யாரும் இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

கோழி பிடிக்க வந்த தலையாரி கோட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தடியோடு தெருவில் நடந்தால் ஊரையே ஒதுங்க வைக்கும் ஆள்! சரசரவென்று போய் அப்பாவை அழைத்து வந்தார். கூடவே தாசில்தாரின் சேவகன், பித்தளை வில்லை போட்ட டவாலியும் வந்தான்.

அப்போதுதான் என் ஆணையில் இருந்த கோளாறு தெரிந்தது. யாரும் என்றால் அப்பாவும்தானே? அப்பா சொந்த வீட்டு வாசலில் வெயிலில் நின்றார். தெரு முழுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள். அம்மா கோட்டுக்கு உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். செம்பு தாண்டலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. தண்ணிக்கு ஆணை இல்லை என்று தலையாரி தீர்ப்புச் சொன்னார்.

"அம்மிணி, அதைப் புடுங்கிப் போட்டுடு கண்ணு" என்றார் அப்பா.

"கோழியைத் தொட மாட்டேன்னு சொல்லுங்க."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டவாலிக்குப் பொறுக்கவில்லை. "புள்ளைங்க கோடு கிழிச்சு வெளையாடுறதுக்கெல்லாம் நிப்பீங்களா மணியக்காரரே? நான் எடுத்தாரேன் பாருங்க" என்று காலைத் தூக்கினான். அப்பா சட்டென்று அவன் கையைப் பிடித்தார்.

"நீங்க வெளியூருங்க. நாளைக்குப் போயிடுவீங்க. நான் இந்த ஊர்லதானுங்க இருக்கணும்."

சொல்லிவிட்டு வெறுங்கையோடு முகாமுக்குத் திரும்பி நடந்தார். பொழுது இறங்கும் நேரத்தில் திரும்பி வந்து கோட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "நான் உள்ள வரலாமுங்களா?" என்று என்னைக் கேட்டார். கோழியைத் தொடமாட்டேன் என்று சொல்லவைத்த பிறகே கொத்தைப் பிடுங்கினேன். என்ன அதிகாரம் எனக்கு!

சொந்த வீட்டுக் கோழியையே பிடிக்கத் தெரியாத மணியக்காரர் எதற்கு என்று தாசில்தார் கேட்டாராம். அந்த வாரமே அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து உத்தரவு வந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எங்கள் மணியத்தையும் சேர்த்துப் பார்க்க வந்தார். அப்பா சும்மா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது என் கோட்டால் வந்த வினை என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த நாட்களில்தான் என் குஞ்சுகள் பொரித்தன.

குஞ்சு பொரித்ததும் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாய்க்கால் தண்ணீர் முறைக்குச் சண்டை போட்ட அண்ணன் தம்பி வந்தார்கள். வரப்பு நகர்ந்துவிட்டது என்று ஒருவர் வந்தார். மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்க ஓர் அம்மா வந்தாள். அப்பா மணியக்காரராக இருந்தபோதுகூட இத்தனை கூட்டம் பார்த்ததில்லை. எல்லாரும் குஞ்சு பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நம்பினேன். கூடையைத் திறந்து காட்டாமல் ஒருவரையும் நான் அப்பாவிடம் விடவில்லை. அவர்களும் பொறுமையாகக் குனிந்து பார்த்து, "நல்லா இருக்குது அம்மிணி" என்று சொல்லிவிட்டுத்தான் கட்டில் பக்கம் போவார்கள்.

ஒருநாள் புது மணியக்காரரே வந்தார். ஊரில் ஒருவரும் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று அப்பாவிடம் யோசனை கேட்க வந்திருந்தாராம், பாவம். வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உள்ளே வரத் தயங்கி நின்றார். அவ்வளவு தூரம் குஞ்சு பார்க்க நடந்து வந்திருக்கிறாரே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. இருப்பதிலேயே அழகான குஞ்சை எடுத்துப் போய் அவர் கையில் வைத்தேன்.