அவர்தான் எழுதினார்

நேற்று மகள் கைபேசியில் ஆங்கில இலக்கணப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நீள வசனம் நிறம் நிறமான பெட்டிகளாகப் பிரிய, பெட்டிகளுக்கு நடுவே அம்புக்குறிகள் ஓடின. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய் உலையில் அரிசியைப் போட்டேன். போட்டேனா என்று திரும்பவும் மூடியைத் திறந்து பார்த்தேன். எங்கிருந்தோ மார்க்கர் மையின் வாசம் வந்தது. வீட்டில் மார்க்கரே கிடையாது.

சண்டைக் காலத்தில்தான் எனக்கு முதல் நியமனம். வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கூடம். ஆங்கில டீச்சர். எனக்கே ஆங்கிலம் அரைகுறை. ஆனால் ஒரு வசனத்தில் தனியாக நிற்கும் மெயின் குளோஸ் எது, அதில் சாய்ந்து நிற்கும் சபோர்டினேட் குளோஸ் எது என்று பிரிப்பதில் மட்டும் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு. பிள்ளைகளுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. படம் போட்டுக் காட்டலாம் என்றால், என் கையெழுத்தை நானே வாசிக்கத் திணறுவேன். அதனால் கணக்குப் படிப்பிக்கும் யோகன் சேரிடம் ஒரு பிரிஸ்டல் போர்ட் அட்டையைக் கொடுத்து, வசனங்களைச் சொன்னேன். மார்க்கரால் அச்சடித்தது போல் எழுதி, பெட்டி கட்டி, அம்புக்குறியும் போட்டுத் திங்கட்கிழமை கொண்டுவந்தார்.

எங்கள் இருவருக்கும் வீடு இந்தக் கரையில். வாவியைப் பாதையில் கடப்போம். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் மிதவையை. ஏறுவதற்கு முன் ஆமிக்காரர்கள் எல்லாவற்றையும் விரித்துப் பார்ப்பார்கள். அன்று எங்கள் படத்தையும் விரித்தார்கள்.

"இது என்ன மெப்?" என்றான் சிப்பாய், ஏதோ இடத்தின் வரைபடம் என்று நினைத்து. பிறகு மெயின் குளோஸ் என்றிருந்த பெட்டியில் விரலை வைத்து, "மெயின் யாரு?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. அதிகாரி வந்ததும் அடங்கிவிட்டது. அவருக்கு ஆங்கிலம் தெரியும். 'நாங்கள் வருமுன் அவர்கள் வாவியைக் கடந்துவிட்டார்கள்' என்ற வசனத்தை வாசித்து, யார் அந்த அவர்கள் என்று கேட்டார். யாருமில்லை சேர் என்றேன். யாருமில்லாதவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்றார். நியாயமான கேள்விதான்.

"எழுதியது யார்?"

"அவர்தான் எழுதினார்," என்றேன்.

பொய்யில்லை. நான் சொல்லித்தான் எழுதினார் என்ற மிச்சம் மட்டும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. யோகன் சேர் என் பக்கம் திரும்பவில்லை. "ஓம், என்ட எழுத்துத்தான்," என்றார். அவரை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் போகச் சொன்னார்கள். நான் பாதையில் ஏறினேன். ஏறாமல் நின்றிருக்கலாமே என்று எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தாயிற்று. ஏறினேன்.

அன்று வகுப்பில் என்ன படிப்பித்தேனோ தெரியாது. இடைவேளைக்கு மணியடித்ததும் இலக்கணப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதிபரிடம் போனேன்.

"சேர், நான் திரும்பிப் போறன்."

"நீங்க போய் என்ன செய்யப் போறீங்க? உங்களையும் பிடிச்சி வெச்சா?"

"வெச்சா வெக்கட்டும் சேர்."

வாய்தான் அப்படிச் சொன்னது. வெயிலில் பாதைக்குக் காத்து நின்றபோது இரண்டு தரம் பள்ளிக்கூடப் பக்கமே திரும்பி நடந்தேன். அதிகாரியிடம் புத்தகத்தை விரித்து, வசனங்கள் என்னுடையவை, அவர் எழுதித் தந்தவர் மட்டுமே என்றேன். பக்கங்களைப் புரட்டினார். அதே பெட்டிகள், அதே அம்புகள். "காலையில் ஏன் சொல்லவில்லை?" என்றார்.

மறுநாள் பின்னேரம் யோகன் சேரை விட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உதடு வீங்கியிருந்தது. நான் தொடங்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

"விடுங்க டீச்சர். அன்னைக்குக் காலையில அதயும் சொல்லியிருந்தா ரெண்டு பேரையும்தான் வெச்சிருப்பானுகள்."

பெருந்தன்மையோ, கோபத்தை அடக்கியதோ, எனக்குப் பிடிபடவில்லை. பிறகும் பாதையில் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்று வந்தோம். ஆனால் அவருடைய எழுத்து மாறிவிட்டது. கரும்பலகையில்கூட யாருடையது என்று சொல்ல முடியாத கிறுக்கல். விளங்கவில்லை என்று பிள்ளைகள் முறைப்பட்டார்கள். காரணம் எனக்குத்தான் தெரியும்.

சண்டை திரும்ப மூண்டபோது அவர் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. இப்போது வாவிக்கு மேலே பாலம். பஸ் நிற்காமல் போகிறது, யாரும் எதையும் விரிக்கச் சொல்வதில்லை. போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இறங்கி யோகன் சேரைப் பற்றிக் கேட்டேன். "எந்த யோகன் சேர்?" என்றார்கள்.